அம்மாட குடி செல்லும், அம்மாட பிரஜாவுரிமை மட்டும் ஏன் செல்லாமப் போச்சு?

வாசகர் கடிதம் (கொஞ்சம் சுருக்கியிருக்கன்):

"ஐயா, எனக்கு 44 வயசு. இடம் செங்கலடி பதுளை வீதிப் பக்கம். அப்பா 1952ல பதுளையில ஒரு தோட்டத்தில பிறந்தவர். அப்பாட அப்பாவும் தோட்டத்தில தான் பிறந்த எண்டு சொல்லுவாங்க, ஆனா ஒரு துண்டும் கையில இல்ல. 77 கலவரத்தோட அப்பா இங்கால இறங்கி வந்து வயல் வேலை செய்து எங்கட அம்மாவக் கல்யாணம் முடிச்சவர், பதிவுக் கல்யாணம். அம்மா பரம்பரையா மட்டக்களப்பு. நான் 1981ல பிறந்த. என்ட பேர்த் சேட்டிபிக்கட்ல தகப்பன்ட இனம் இந்தியத் தமிழ், பாட்டன் விபரம் கேக்கிற கட்டத்தில கோடு கிழிச்சிருக்கு. என்ட வீட்டுக்காரர் களுவாஞ்சிக்குடி. மகள் 2006ல பிறந்தவ, ஏஎல் முடிச்சிட்டு பாஸ்போட் எடுக்கிற அலுவலா ஒரு ஒபிஸுக்குப் போன இடத்தில, என்ட சேட்டிபிக்கட்டப் பார்த்திட்டு, 'அம்மாட அப்பா இந்தியாவா? பிரஜாவுரிமைப் பேப்பர் கொண்டாங்க, எப்பிடியும் நீங்க பதிவுப் பிரஜை தான்' எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னாங்க. மகள் வீட்ட வந்து அழுகை. அப்பா 89ல ஜேபிட்ட (சமாதான நீதவானிட்ட) சைன் வாங்கின சத்தியக்கடதாசி ஒண்டு வச்சிருந்தவர், 90 இடப்பெயர்வில அது போயிட்டு. 2011ல அப்பாவும் மோசம் போயிட்டார். நாங்க இந்த நாட்டுப் பிரஜையா இல்லையா? பதிவுப் பிரஜை எண்டா ஒரு படி குறைவா? மத்தது, அண்ணா சுவிஸ் பிரஜாவுரிமை எடுத்திட்டார், அப்பாட உறுதிக் காணியில அவருக்குப் பங்கு இருக்கா?"

தங்கச்சி, சுத்தி வளைக்காம முதல்ல பதிலச் சொல்லுறன். நீங்க இலங்கைப் பிரஜை. மகளும் இலங்கைப் பிரஜை, அதுவும் வம்சாவளிப் பிரஜை, அதாவது பதிவால இல்லாம பெத்தவங்க வழியாப் பிறப்போட வந்த உரிமை. மகள்ட அலுவலுக்கு உங்கட அப்பாட பேப்பர் தேவையே இல்ல. இத மகளுக்கு இண்டைக்கே வாசிச்சுக் காட்டுங்க, மிச்சத்தப் பிறகு ஆறுதலாப் பார்க்கலாம்.

மகள்ட கதை லேசு. 1948ம் ஆண்டு 18ம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தில 5ம் பிரிவு தான் அவவுக்குரியது. 2003 திருத்தத்துக்குப் பிறகு இலங்கையில பிறந்த ஒராளுக்கு, பிறந்த நேரம் தாய் தகப்பன் ரெண்டு பேரில ஒராள் பிரஜையா இருந்தாலே போதும். உங்கட அவர் களுவாஞ்சிக்குடி எண்டு எழுதியிருக்கீங்க, அவர்ட பேர்த் சேட்டிபிக்கட், ஐசி (அடையாள அட்டை), உங்கட கல்யாணப் பதிவு, மகள்ட பேர்த் சேட்டிபிக்கட், இந்த நாலையும் கொண்டு போங்க. அவர்ட பக்கத்தால மட்டுமே மகள்ட உரிமை முழுசா நிக்குது. உங்கட சேட்டிபிக்கட்ட நீங்களா எடுத்து நீட்ட வேண்டிய அவசியமே இல்ல. நீங்க நேர்மையா எல்லாத்தையும் கொண்டு போனீங்க, அது பிழையில்ல, ஆனா கேக்காததக் காட்டப் போய்த்தான் அண்டைக்கு இந்தக் கேள்வி வந்திருக்கு.

உங்கட கதை தான் நீளம். அத நான் கொஞ்சம் விரிவா எழுதப் போறன், ஏனெண்டா உங்கள மாதிரி பதுளை வீதியாலயும் மற்றப் பாதைகளாலயும் மலையகத்தில இருந்து கிழக்குக்கு வந்த குடும்பங்கள் கனக்க இருக்கு, அவங்கட பிள்ளைகள் இப்ப தான் பாஸ்போட், அரசாங்க வேலை எண்டு கவுன்டர் கவுன்டராப் போகுதுகள்.

உங்கட சேட்டிபிக்கட்ல கோடு கிழிச்சிருக்கிற அந்தக் கட்டத்த எடுங்க. எங்கட நாட்டுப் பழைய பிறப்புச் சான்றிதழ் ஆரிட்ட இருந்தாலும் விரிச்சுப் பாருங்க, "பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால்" எண்டு ஒரு கட்டம், தகப்பன் இலங்கையில பிறக்காம பூட்டன் இலங்கையில பிறந்திருந்தா அவர்ட விபரம் எண்டு இன்னொரு கட்டம். ஒரு பச்சைப் புள்ளைட சேட்டிபிக்கட்ல பூட்டன்ட பிறந்த இடம் என்னத்துக்கு எண்டு நீங்க எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? 1948 சட்டம் கேட்ட கேள்வி அது. இந்த மண்ணில பிறந்தது மட்டும் அந்தச் சட்டத்துக்குப் போதாது. 1948 நவம்பர் 15க்கு முதல் இலங்கையில பிறந்த ஒராள் வம்சாவளிப் பிரஜை ஆகிறதெண்டா அவர்ட தகப்பனும் இலங்கையில பிறந்திருக்க வேணும், இல்லாட்டி தகப்பன்ட தகப்பனும் அவர்ட தகப்பனும் இங்க பிறந்திருக்க வேணும். உங்கட பாட்டன் தோட்டத்தில பிறந்தவர் எண்டே வச்சுக்கொள்ளுவம், அவர்ட தகப்பன் இந்தியாவில இருந்து வந்தவரெண்டா பாட்டன் பிரஜை இல்ல. அப்பிடி இல்லாம தகப்பனும் இங்கயே பிறந்தவரெண்டாலும் அதக் காட்டுறதுக்கு லயத்துச் சனத்திட்ட என்ன துண்டு இருந்தது. பாட்டன் பிரஜை இல்லையெண்டா 1952ல பிறந்த உங்கட அப்பாவும் பிரஜை இல்ல. இந்தியாவும் அவங்கள தன்ட பிரஜை எண்டு சொல்லல்ல. ரெண்டு நாட்டுக்கும் இல்லாத ஆக்கள். நாடற்றோர் எண்டு கடதாசியில ஒரு பேர், தெருவில கள்ளத்தோணி எண்டு இன்னொரு பேர்.

1949ல இந்திய பாகிஸ்தானியர் வதிவிடப் பிரஜாவுரிமைச் சட்டம் எண்டு 3ம் இலக்கச் சட்டமொண்டு வந்தது. கல்யாணம் முடிச்சவங்க 7 வருஷம், முடிக்காதவங்க 10 வருஷம் இங்க தொடர்ந்து இருந்ததக் காட்டினா பதிஞ்சு பிரஜை ஆகலாம் எண்டு. எட்டு லட்சத்துக்கு மேல பேருக்காக விண்ணப்பம் போச்சு, கடைசியில கிடைச்சது சுமார் 1,34,000 பேருக்குத் தான். மிச்ச ஆக்கள் ஆவணம் காணாது, இடையில இந்தியாவுக்குப் போய் வந்தது எண்டு ஒவ்வொரு காரணத்தால தட்டுப்பட்டுப் போனாங்க. அதே 1949ல 48ம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து பிரஜை இல்லாத ஆக்கள்ட வோட்டையும் எடுத்திட்டு. 1947 தேர்தலில இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது, 1952 தேர்தலில அந்தச் சனத்தில பெரும்பகுதி வோட்டர் லிஸ்ட்டிலயே இல்ல. கோடாகன்பிள்ளை எண்டவர் ருவன்வெல்லைத் தொகுதியில தன்ட பேரப் பதியச் சொல்லி வழக்குப் போட்டு, அது அந்தக் காலத்தில எங்கட கடைசி மேன்முறையீட்டு நீதிமன்றமா இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போச்சு. ஒரு இனத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் பாதகமா சட்டம் போடக்கூடாது எண்டு அந்த நேரத்து அரசியலமைப்பான சோல்பரி யாப்பில 29ம் பிரிவு இருந்தும், 1953ல பிரிவிக் கவுன்சில் இந்தச் சட்டங்கள் செல்லும் எண்டு தீர்ப்புச் சொல்லிட்டு. சட்டம் படிக்கிற காலத்தில அந்தத் தீர்ப்ப வாசிச்சது எனக்கு இண்டைக்கும் நெஞ்சில கிடக்கு, ஏனெண்டா சட்டத்தில இனத்தின்ட பேர் எங்கயும் எழுதியில்ல, பாட்டன் பூட்டன் எங்க பிறந்த எண்டு மட்டும் தான் கேட்டிருக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாம நிண்ட சனம் ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்.

மறுகா 1964 ஒக்டோபர் 30ல இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரப் பிறகு பார்ப்பம் எண்டு விட்டு 1974ல ஆளுக்குப் பாதி பிரிச்சாங்க. ஒரு குடும்பத்துக்குள்ளயே அண்ணன் அங்க தம்பி இங்க எண்டு ஆகின வீடுகள் இருக்கு.

சரி, இப்ப உங்கட பிறப்புக்கு வாறன். 1981ல நீங்க பிறக்கேக்க உங்கட அம்மா இலங்கைப் பிரஜை, அதில ஒரு சந்தேகமும் இல்ல. அப்பா நாடற்றவர். அப்ப நீங்க ஆர்? மட்டக்களப்பில பிறந்து வளந்த ஆரிட்டக் கேட்டாலும், தாய் இங்க உள்ளவ தானே, பிள்ளையும் இங்க உள்ளது தான் எண்டு சொல்லும். எங்கட பக்கம் கல்யாணம் பேச வந்தா முதல் கேள்வியே என்ன குடி எண்டு தான். குடி எண்டது தாய்வழியா வாற பரம்பரை. கோயிலில குடிக்குக் குடி இருக்கிற பங்கும் உரிமையும் தாய்வழியாத் தான் வாறது. வீடு வளவு பொம்பிளப் பிள்ளைக்குச் சீதனமாப் போறது, மாப்பிள தான் அந்த வீட்டுக்கு வாறது. அக்கரைப்பற்று, காத்தான்குடி முஸ்லிம் ஆக்களிட்டயும் தாய்வழிக் குடி இருக்கு. அப்பிடிப்பட்ட ஊரில பிறந்த உங்களுக்கு அம்மாட குடி கிடைச்சுது, அம்மாட குடியுரிமை கிடைக்கல்ல. ஏனெண்டா 2003 வரைக்கும் எங்கட சட்டம் பிள்ளைக்குத் தகப்பன மட்டும் தான் பார்த்தது. தாய் எத்தனை தலைமுறை இந்த மண்ணில இருந்தாலும் கணக்கில இல்ல.

இதுக்குள்ள இன்னொண்டு இருக்கு, சொன்னா உங்களுக்கு மனம் நோகும், ஆனா நீங்க தெரிஞ்சிருக்க வேணும். கல்யாண உறவுக்கு வெளியால பிறந்த பிள்ளையெண்டா தகப்பனுக்குப் பதிலா தாயப் பாருங்க எண்டு அதே 1948 சட்டம் சொல்லுது. அதாவது உங்கட அம்மா அப்பா முறையாப் பதிஞ்சு கல்யாணம் முடிக்காம இருந்திருந்தா நீங்க பிறந்த அண்டைக்கே அம்மாட வழியில பிரஜை. அவங்க ஒழுங்காப் பதிஞ்சு வாழ்ந்ததால தான் உங்களுக்கு நாடு இல்லாமப் போச்சு. எத்தனையோ தரம் இந்தப் பிரிவ வாசிச்சிருக்கன், இப்பவும் என்னால அத நியாயம் எண்டு ஏற்றுக்கொள்ள ஏலாம இருக்கு. 2003ம் ஆண்டு 16ம் இலக்கத் திருத்தம் தகப்பன் எண்ட சொல்ல எடுத்திட்டு பெற்றோர் எண்டு போட்ட நேரம் தான் தாய்மாருக்கு இந்த விஷயத்தில ஒரு இடம் கிடைச்சுது. 55 வருஷம் கழிச்சு.

ஆனா நீங்க அதுக்கும் முதலே பிரஜை ஆகிட்டீங்க எண்டு தான் எனக்கு விளங்குது. 1986ல ஒரு சட்டம், மறுகா 1988ல 39ம் இலக்கச் சட்டம் எண்டு நாடற்றவங்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்கிற சட்டங்கள் வந்தது. 88 சட்டம் நாடற்றவங்களா இருந்த இந்திய வம்சாவளி ஆக்களில, இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போடாத ஆக்கள் எல்லாரையும் இலங்கைப் பிரஜை ஆக்கினது. உங்கட அப்பா 89ல ஜேபிட்ட சைன் வாங்கி வச்சிருந்த சத்தியக்கடதாசி அந்தச் சட்டத்துக்காகச் செய்ததாத் தான் இருக்க வேணும், அந்த நேரம் கனபேர் அப்பிடித் தான் செய்தவங்க. இதில ஒண்டக் கவனமா விளங்கிக்கொள்ளுங்க, பிரஜாவுரிமையத் தந்தது சட்டம். கடதாசி அதுக்குச் சாட்சி மட்டும் தான். சாட்சி 90ல எரிஞ்சிருக்கலாம், மழையில கரைஞ்சிருக்கலாம், அதால உரிமை கரையாது.

அப்பாட குடும்பம் அந்தக் காலத்தில இந்தியாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்தா என்ன செய்யிற எண்டு நீங்க கேப்பீங்க. அதுக்கும் வழி இருக்கு. 2003ம் ஆண்டு 35ம் இலக்கச் சட்டம், இந்திய வம்சாவளி ஆக்களுக்குப் பிரஜாவுரிமை குடுக்கிற சட்டம், 1964 ஒக்டோபர் 30ல இருந்து இலங்கையில நிரந்தரமா இருந்த ஆக்களையும் இங்க இருக்கிற அவங்கட பிள்ளை பேரப்பிள்ளைகளையும் பிரஜை ஆக்கினது. அந்தச் சட்டம் வந்த கையோட நடத்தின பதிவில பத்து நாளுக்குள்ள 1,90,000 பேருக்கு மேல பிரஜாவுரிமை எடுத்தாங்க. உங்கட அப்பா 1952ல இங்க பிறந்து இங்கயே இருந்தவர், நீங்க அவர்ட மகள். 88ல தவறியிருந்தாலும் 2003ல நீங்க உள்ளுக்குத் தான். அப்பா எப்பவாவது இந்தியப் பாஸ்போட் எடுத்திருந்தா மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்க, அது தனியா ஒரு பிரகடனம் குடுக்கிற வழி.

அடுத்தது, பதிவுப் பிரஜை எண்டா குறைவா? இல்ல. ஒரு முடி அளவுக்கும் குறைவில்ல. அரசியலமைப்பின்ட 26வது உறுப்புரை ஒரே ஒரு பிரஜை அந்தஸ்து தான் இருக்கு எண்டு சொல்லுது. வம்சாவளியா வந்தாலும் பதிவால வந்தாலும் ஆளக் குறிப்பிடேக்க "இலங்கைப் பிரஜை" எண்டு மட்டும் தான் சொல்ல வேணும், எப்பிடிக் கிடைச்சது எண்டதை வச்சு ஒரு தேவைக்காகவும் வேறுபாடு காட்டக்கூடாது எண்டு அதிலயே எழுதியிருக்கு. அண்டைக்கு அந்த ஒபிஸில எல்லாருக்கும் கேக்கச் சொன்ன சொல்லு இந்த உறுப்புரைக்கு நேர் எதிர். ஆதாரம் கேக்கிறதுக்கு அதிகாரிக்கு உரிமை இருக்கு, அத நான் மறுக்கல்ல, ஆனா "நீங்க அந்த வகை" எண்டு தரம் பிரிக்கிற உரிமை ஆருக்கும் இல்ல.

பிரஜையா இருக்கிறதால என்ன கிடைக்குது எண்டும் சுருக்கமாச் சொல்லுறன். சித்திரவதைக்கு ஆளாகாத உரிமை, சட்டத்துக்கு முன்னால சமத்துவம், விரும்பின சமயத்த ஏற்றுக்கொள்ளுற உரிமை, இதெல்லாம் பிரஜை இல்லாத ஆளுக்கும் உண்டு. ஆனா பேச்சு, கூட்டம் கூடுறது, சங்கம் சேர்றது, விரும்பின தொழில் செய்யிறது, விரும்பின ஊரில குடியிருக்கிறது, வெளிநாடு போனா திரும்பி வாறது, இதெல்லாம் 14வது உறுப்புரையில பிரஜைக்கு எண்டு தான் இருக்கு. வோட்டும் அப்பிடித் தான். உங்கட அப்பா வாழ்க்கையில பாதிக் காலம் பிரஜாவுரிமை இல்லாம தான் இந்த மண்ணில வயல் வெட்டினவர்.

இனி நீங்க செய்ய வேண்டியது. மகள்ட அலுவல் மேல சொன்ன நாலு ஆவணத்தோட போகட்டும். திரும்பவும் மறுத்தா வாய்ப்பேச்சு வேணாம், மறுக்கிற காரணத்த எழுத்தில, தமிழில தாங்க எண்டு மரியாதையாக் கேளுங்க. கிழக்கு மாகாணத்தில தமிழ் நிர்வாக மொழி, பத்தரமுல்லையில இருக்கிற குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு எழுதினாலும் தமிழில எழுதி தமிழில பதில் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கு. எழுத்தில மறுப்பு வந்தா ஒரு மாசத்துக்குள்ள மட்டக்களப்பில இருக்கிற மனித உரிமைகள் ஆணைக்குழுக் காரியாலயத்தில முறைப்பாடு போடுங்க, கல்முனைப் பக்கத்து ஆக்களுக்கு கல்முனையிலயும் இருக்கு. அந்த ஒரு மாசம் முக்கியம், ஏனெண்டா அடிப்படை உரிமை வழக்கு உயர் நீதிமன்றத்தில போட ஒரு மாசம் தான் தவணை, அதுக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்திட்டா அங்க விசாரணை நடக்கிற காலம் தவணையில சேராது.

உங்கட சொந்தப் பேப்பர இப்பவே ஒழுங்காக்கி வைங்க. 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில, அப்பாட முழுப்பேர், பிறந்த வருஷம், தோட்டத்தின்ட பேர் எல்லாம் எழுதி, அவருக்குப் பிரஜாவுரிமை வழங்கின பதிவு இருக்கா, இருந்தா பிரதி தாங்க எண்டு திணைக்களத்துத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க. 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்ல வேணும். தகவல் கேக்கிற அந்த உரிமையும் பிரஜைக்கு மட்டும் உள்ளது தான், நீங்க கேக்கிறதே பிரஜையாத் தான் கேக்கிறீங்க. கூடவே பதுளைப் பக்கம் அப்பா பிறந்த இடத்துப் பதிவாளரிட்ட அவர்ட பிறப்புப் பதிவின்ட பிரதி, அப்பா படிச்ச தோட்டப் பள்ளிக்கூடத்து வரவுப் பதிவு, உங்கட ஊர் ஜீஎஸ் (கிராம சேவகர்) மூலமா பழைய வோட்டர் லிஸ்ட் பிரதி, அப்பாட ஐசி கொப்பி, அம்மாட பேர்த் சேட்டிபிக்கட், கிடைக்கிறதெல்லாத்தையும் ஒரு பைலில போடுங்க. உங்கட கையில இருக்கிற ஐசியையும் லேசா நினைக்காதீங்க, ஆட்பதிவுச் சட்டத்தில அந்த அட்டை பிரஜைகளுக்கு எண்டு தான் குடுக்கிறது, முடிவான ஆதாரம் இல்லாட்டியும் அரசாங்கம் உங்கள பிரஜை எண்டு ஏற்றுக்கொண்டதின்ட அடையாளம். சந்தேகம் உள்ள ஆக்களுக்கு அமைச்சர் சான்றிதழ் குடுக்கிற 6ம் பிரிவு ஒண்டும் இருக்கு, ஆனா அது அமைச்சர்ட விருப்பத் தற்துணிபு, அவசரப்பட்டு அதுக்குப் போக வேணாம் எண்டது என்ட அபிப்பிராயம். மற்றக் கதவெல்லாம் தட்டிப் பார்த்திட்டுத் தான்.

அண்ணாட விஷயம். சுவிஸ் பிரஜாவுரிமை எடுத்த அண்டைக்கே அவர்ட இலங்கைப் பிரஜாவுரிமை தானாப் போயிருக்கும், சட்டம் அப்பிடி. ஆனா அப்பாட காணியில அவருக்கு வாரிசா வாற பங்கு அதால போகாது, உறுதிக் காணி எண்டபடியா 2014ம் ஆண்டு 38ம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைக்குக் காணி மாத்திறதத் தான் தடுக்குது, வாரிசுக்கு விலக்கு இருக்கு. அரசாங்கம் பெர்மிட்டில குடுத்த காணியெண்டா கதை வேற. அவர் விரும்பினா 1987 திருத்தத்தில வந்த இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், கிடைச்சா வோட்டும் போடலாம், காணியும் வாங்கலாம், பாராளுமன்றத்துக்கு மட்டும் நிக்க ஏலாது, 2022ல வந்த 21வது திருத்தம் அதத் தடுத்திட்டு.

இத வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் ஒரு சொல்லு, கட்டாரிலயோ குவைத்திலயோ பிள்ளை பிறந்தா ஒரு வருஷத்துக்குள்ள அங்க உள்ள இலங்கைத் தூதரகத்தில பிறப்பப் பதிஞ்சு போடுங்க. வெளிநாட்டில பிறந்த பிள்ளைக்கு அந்தப் பதிவு இல்லாம வம்சாவளிப் பிரஜாவுரிமை முழுமையாகாது. ஊருக்கு வந்து பார்ப்பம் எண்டு விட்டிட்டு, பிள்ளையப் பள்ளிக்கூடத்தில சேர்க்கிற நேரம் ஓடித் திரியிற பெத்தவங்கள நான் கல்முனைப் பக்கமும் ஏறாவூர்ப் பக்கமும் நிறையக் கண்டிருக்கன்.

தங்கச்சி, காசு இல்லையெண்டு பின்வாங்க வேணாம், மட்டக்களப்பில சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு இலவசமாச் செய்து தருவாங்க. திங்கட்கிழமை தகவல் கேக்கிற கடிதத்த எழுதுங்க, தபாலில போட்டா பதிவுத் தபாலில போட்டு அந்த ரசீத அப்பாட ஐசி கொப்பியோட சேத்துக் குத்தி வைங்க, நேர குடுத்தா திகதி போட்டு சைன் வாங்காம வெளிக்கிடாதீங்க.